ஓட வேண்டிய நாடி நடந்தபோது

காலை ஆறு ஐம்பத்தைந்து. முதலுதவி அறைச் சுவர்க் கடிகாரத்தில் அந்த நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தேன். "சிஸ்டர், டிரிம் லைன்ல ஒருத்தன் மூச்சு வுட முடியாம உக்காந்துட்டான், சீக்கிரம் வாங்க" என்றது சூப்பர்வைசரின் குரல். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கார்களுக்கு உள்பாகங்கள் பொருத்தும் அந்த லைனை நிறுத்தியிருந்தார்கள். ஒரு இரும்பு ஸ்டூலில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்கள் காதுவரை ஏறி இறங்க ஒருவன் உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்ப்பதற்காகத் தொப்பியைக் கழற்றினேன். என் மகன் சாம்.

இதை எழுதச் சொன்னது கவிதா. ஒரகடத்துத் தொழிற்சாலையில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்காரும் செவிலியர். போன மாதம் போன் செய்தாள். "எக்கா, பஸ்ஸ விட்டு எறங்குற எடத்துல புதுசா ஒரு கேள்வி சேத்துருக்காங்க. கண்ணு, மூக்கு, தோலு, எங்கயாவது மருந்து போடுறியான்னு கேக்கணுமாம். பசங்க சிரிக்கிறானுங்க. தலைக்கு எண்ண தடவுறேன், அதையும் எழுதிக்கோன்றான் ஒருத்தன். இது எதுக்குன்னு கேட்டா, எஸ்தர் சிஸ்டராண்ட கேளுன்றாங்க."

சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். வாயால் சொல்ல முடியவில்லை. எழுதினால் நடுவில் நிறுத்தி, மறுபடி தொடரலாம்.

செவிலியர் படிப்பு, செங்கல்பட்டில் சில வருடம், பிறகு கல்யாணம், பிள்ளை. இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியதும், வார்டு வேலையை விட்டுவிட்டு இந்த முதலுதவி அறைக்கு வந்தேன். கையில் வெட்டு, கண்ணில் இரும்புத்தூள், வெயில் மயக்கம், காலையில் சாப்பிடாமல் வந்து விழும் பெண்கள். பணி ஓய்வுவரை அதுதான் என் உலகம்.

அங்கே எனக்கு மேலிருந்தவர் டாக்டர் நல்லசிவம். தினமும் ஏழரை மணிக்கு வருவார். உள்ளே வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல், தன் கண்ணுக்கு நேராக வைப்பார். நோயாளி யாராக இருந்தாலும் முதலில் அவர் மணிக்கட்டைத்தான் பிடிப்பார். "சார், எனக்குக் கால்லதான் அடி" என்பார்கள். "இருக்கட்டும்" என்பார். முழு நிமிடம் எண்ணுவார். பாதி நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அவர் ஒருமுறை பார்த்தார், திட்டவில்லை. என் கையை எடுத்து நோயாளியின் மணிக்கட்டில் திரும்ப வைத்தார், அவ்வளவுதான்.

கண் சொட்டு மருந்து எங்கள் அறைக்குள் நுழைந்ததும் அவரால்தான். ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒரே வாரத்தில் இரண்டு முறை இடது பக்கத் தூணில் இடித்தார். குடித்துவிட்டு வருகிறார் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். டாக்டர் அவரை எதிரில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, தன் விரலை ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே கொண்டுவந்தார். விரல் ஏறக்குறைய மூக்குக்கு நேராக வரும்வரை அவர் "இன்னும் தெர்ல சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

கண் அழுத்த நோய். கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பை நசுக்கிக்கொண்டே போகும். பெரும்பாலும் வலி இருக்காது. ஓரங்கள் முதலில் போகும்; நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து.

அவருக்கு ஏற்கெனவே கண் ஆஸ்பத்திரியில் மருந்து எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏன் ஊற்றவில்லை என்று டாக்டர் கேட்டார்.

"ராத்திரி படுக்கறப்போ ஊத்துன்னாங்க சார். சி ஷிப்டுல படுக்கறதே காலைலதான். அப்போ ராத்திரி மருந்த எப்டி ஊத்தறது? சரி, அந்த வாரம் வேணாம்னு வுட்டேன். அப்டியே வுட்டுப்போச்சு. செக்கப்புக்குப் போறப்போ மட்டும் ரெண்டு நாள் முன்னால ஊத்திக்கினு போவேன். அழுத்தம் நல்லாகீதுன்னு அனுப்புவாங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "எந்த ஷிப்டா இருந்தாலும் ராத்திரி ஒன்பது மணின்னா ஒன்பது மணி. லைன்ல இருந்தா இந்த ரூமுக்கு வாங்க. சிஸ்டர் ஊத்துவாங்க" என்றார். அதற்கப்புறம் அவர் மட்டுமல்ல, கண் அழுத்தம் உள்ள மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். எப்படி ஊற்ற வேண்டும் என்று டாக்டர் எனக்கே புதிதாகக் கற்றுக்கொடுத்தார். கை கழுவு. அண்ணாந்து பார்க்கச் சொல். கீழிமையை மெல்ல இழுத்துப் பை போல ஆக்கு. பாட்டில் நுனி எதிலும் படக்கூடாது. ஒரே ஒரு சொட்டு. கண்ணை மூடச் சொல், மூக்கை ஒட்டிய மூலையை விரலால் அழுத்து, இரண்டு நிமிடம் கையை எடுக்காதே.

"ரெண்டு நிமிஷம் எதுக்கு சார்?" என்று நான் கேட்டேன்.

"கண்ணுல ஒரு சொட்டுக்கு மேல எடமில்ல சிஸ்டர். மிச்சம் இந்த மூலை வழியா மூக்குக்குள்ள எறங்கும். அங்கேர்ந்து ரத்தம். அப்புறம் அது கண் மருந்து இல்ல, நெஞ்சுக்குப் போற மருந்து."

அந்த வார்த்தையை அன்று ஒரு தகவலாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

என் கண்ணையும் அவர்தான் கண்டுபிடித்தார். நான் ஸ்ட்ரெச்சர் விளிம்பில் அடிக்கடி இடுப்பை இடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் அதே விரலை என் ஓரத்துக்குக் கொண்டுவந்தார். கண் ஆஸ்பத்திரியில் எனக்கும் அழுத்தம் என்றார்கள். வாழ்நாள் முழுக்க டிமோலால் சொட்டு மருந்து, காலை ஒன்று, மாலை ஒன்று. ஆஸ்துமா உண்டா, இதயத்துடிப்பு குறைவா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டும் இல்லை. என் வீட்டில் யாருக்காவது உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியும் இல்லை அது.

ஊர்க் கண்ணுக்கெல்லாம் ஊற்றிய எனக்கு என் கண்ணில் ஊற்றிக்கொள்ள வராது. சொட்டு விழுமுன் இமை மூடிவிடும். அதனால் என் கணவர் டேவிட்தான் ஊற்றுவார். வேன் ஓட்டுபவர்; விரல் நகத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, "மேல பாரு" என்பார். மூக்கு மூலையை அழுத்திக்கொண்டு பரமண்டல ஜெபத்தை மெதுவாக இரண்டு முறை சொல்வார். இரண்டு முடிந்தால் இரண்டு நிமிடம் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. சாம் பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்துச் சிரிப்பான். "ஆமென் சொன்னாதான் கண்ணத் தெறக்கணும்மா, முன்னாலயே தெறந்தா செல்லாது" என்பான். பாட்டில் கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டில்தான் இருக்கும், பேஸ்ட், பிரஷ்களோடு. என் பெயரை அதன்மேல் எழுதி ஒட்டியிருந்தேன்.

சாமுக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. மழைக்காலத்தில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறோம். எட்டாம் வகுப்புக்கு அப்புறம் வரவேயில்லை. போய்விட்டது என்றே நினைத்தோம். ஐ.டி.ஐ. முடித்து, எங்கள் தொழிற்சாலையிலேயே பயிற்சியாளனாகச் சேர்ந்திருந்தான். அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குவார்களா, அனுப்பிவிடுவார்களா என்று தெரியும். அதில் விடுப்பு எடுக்காமல் வந்தவனுக்கே முதலிடம்.

அந்த நேரம் பார்த்து, என் பணி ஓய்வுக்குச் சில மாதங்கள் முன்னால், மெட்ராஸ் ஐ பரவியது. கண் சிவந்தவன் லைனுக்குள் போகக்கூடாது என்று உத்தரவு. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்திலேயே செக்யூரிட்டி டார்ச் அடித்துப் பார்த்து, சிவந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். உத்தரவு சரிதான். ஆனால் நோய் வராதவனுக்கும் அந்த டார்ச்சைக் கண்டு பயம் வந்துவிட்டது. ஓ.டி. பார்த்துத் தூங்காமல் வந்தவனுக்கும், கம்ப்ரஸர் காற்றில் தூசி பட்டவனுக்கும் கண் சிவக்கத்தானே செய்யும்? அதற்குப் பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பஸ்ஸின் கடைசி சீட்டில் ஒரு கண் மருந்து பாட்டில் கைமாறும். யாருடையதோ, எதற்கானதோ. கேட்டுக்கு முன்னால் ஊற்றிக்கொண்டு, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு இறங்குவார்கள்.

எனக்கு அது தெரியாது. அன்று காலை அதே பஸ்ஸில் முன் சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மாடி அறையில் குடியிருந்த, சாமோடு வேலை பார்க்கும் இசக்கியோடு அவன் முந்தின இரவு படுத்திருந்ததால் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. நான் முதலில் கிளம்பி நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிள்ளைகள் சிரிக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு மணி நேரத்துக்குள் அவன் என் அறைக் கட்டிலில் இருந்தான். உதடு நீலமாகியிருந்தது. ஆக்சிஜன் வைத்தேன். நெபுலைசரில் சல்பியூட்டமால் போட்டு மாஸ்க்கை முகத்தில் கட்டினேன். வீசிங்குக்கு அதுதான் முதல் மருந்து. சில நிமிடங்களில் மார்பு இளகும். எத்தனையோ பேருக்குக் கொடுத்து, அவர்கள் எழுந்து நடந்து போனதைப் பார்த்திருக்கிறேன். இவனுக்கு இளகவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், இருந்த விசில் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது. சத்தம் குறைவது நல்லதில்லை. காற்றே போகவில்லை என்று அர்த்தம். அவன் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணால் ஏதோ சொல்ல முயன்றான். பேச மூச்சில்லை.

டாக்டருக்குப் போன் போட்டேன். ஒரகடம் கூட்ரோடில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டியிருந்தார்.

"யாரு சிஸ்டர்?"

"சாம் சார். என் பையன்."

ஐயோ என்றோ, பயப்படாதீங்க என்றோ சொல்லவில்லை. "பல்ஸ் சொல்லுங்க" என்றார்.

"ஐம்பத்திரண்டு."

"முழு நிமிஷம் எண்ணினீங்களா?"

மறுபடி எண்ணினேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நிமிடம் இல்லை. "ஐம்பதுதான் சார் இருக்கு."

"வீசிங்ல பல்ஸ் ஓடணும் சிஸ்டர். சல்பியூட்டமால் போனா இன்னும் ஓடணும். இது நடந்துகிட்டிருக்கு. மருந்து நுழையற கதவ யாரோ உள்பக்கம் தாழ் போட்டிருக்காங்க. பிரஷர் மாத்திரை, நெஞ்சு மாத்திரை எதாவது போடுறானா?"

"இருபத்திமூணு வயசு சார் அவனுக்கு. ஒரு மாத்திரையும் கெடையாது."

டாக்டர் மிகவும் தாழ்ந்த குரலில், "சிஸ்டர், நீங்க கண்ணுக்கு என்ன மருந்து ஊத்துறீங்க?" என்றார்.

டிமோலால். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சாமின் முகத்தில் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்களைப் பார்த்தேன். வெள்ளை விழியில் மெல்லிய சிவப்பு. ஸ்ட்ரெச்சரின் கூடவே ஓடிவந்து வாசலில் நின்றிருந்த இசக்கியைப் பார்த்துக் கத்தினேன். "டேய், இவன் கண்ணுல எதாவது ஊத்துனானா?"

இசக்கி அழ ஆரம்பித்துவிட்டான். "ஆமாம்மா. பஸ்ல வச்சி. ஒங்க பாட்டில்தாம்மா."

"எத்தன சொட்டு?"

"எண்ணலம்மா. ரெண்டு கண்ணுலயும் நெறைய."

டாக்டர் அதைக் கேட்டுவிட்டார். அதன்பிறகு அவர் குரல் மாறவேயில்லை. "இப்ராட்ரோபியம் ஒரு டோஸ் அதே நெபுலைசர்ல சேருங்க. அது வேற கதவு. ஐ.வி. லைன் போட்டு ஹைட்ரோகார்டிசோன் குடுங்க. சலைன் ஊத்திக் கண்ணக் கழுவுங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்துங்க, நான் ரோட்டோரம் நிக்கிறேன், ஏறிக்கிறேன்." ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொல்ல, அவர் "சரி" என்றார். என் மகனின் கையில் நரம்பைத் தேடிய என் விரல்கள் நடுங்கவில்லை என்று இசக்கி பிறகு சொன்னான். எனக்கு அது நினைவில்லை.

கூட்ரோடில் டாக்டர் வெயிலில் நின்றிருந்தார். ஏறியதும் கடிகாரத்தைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். சாமின் மணிக்கட்டைப் பிடித்தார். ஆஸ்பத்திரிவரை "ஐம்பது… ஐம்பத்தினாலு…" என்று எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தொண்டையில் குழாய் போட வேண்டிவரலாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். வார்டில் வேலை பார்த்த வருடங்களில் மற்றவர்களின் பிள்ளைகளுக்காக நான் நீட்டிய காகிதம் அது.

வராந்தாவில் இசக்கி என் காலடியில், தரையில் உட்கார்ந்திருந்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். துருவித் துருவிக் கேட்டதில் முழுவதும் சொன்னான்.

"காலைல எந்திரிச்சப்பவே கண்ணு செவந்து கெடந்துச்சும்மா. லீவு போடுலேன்னேன். போட்டா என்னத் தூக்கிருவாங்கன்னான். பஸ்ல இந்த வாரம் யாருட்டயும் மருந்து இல்ல. அதான் கீழ போயி ஒங்க பாட்டில எடுத்துட்டு வந்தான். ஒங்க பேரு ஒட்டிருக்கத பாத்துட்டுப் பயலுவ கிண்டல் பண்ணுனானுவ. 'இன்னாடா, அம்மா மருந்த ஆட்டையப் போட்டுக்கினு வந்துட்ட'ன்னான் ஒருத்தன். அதுக்கு இவன், 'எங்கம்மா நர்ஸுடா. அதுவே தெனம் ரெண்டு வேள ஊத்துது. அப்போ எவ்ளோ நல்ல மருந்தா இருக்கும்? ஒண்ணும் ஆவாது'ன்னான்." என்னை நிமிர்ந்து பார்த்து, "நானும் ஊத்திக்கிட்டேம்மா. எனக்கு ஒண்ணும் செய்யல. அவனுக்கு மட்டும் ஏம்மா?" என்றான்.

அந்தக் கேள்விக்குச் செவிலியராக எனக்குப் பதில் தெரியும். சின்ன வயதில் இளைத்த மூச்சுக்குழாய் அந்த இளைப்பை மறப்பதில்லை. கண்ணுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் அதே மருந்து அந்தக் குழாயை இறுக்கிப் பூட்டிவிடும். என் பிள்ளை நஞ்சென்று தெரிந்து எதையும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே மிகவும் நம்பிக்கையான பொருளைத் தேடி எடுத்திருக்கிறான். அம்மாவின் பெயர் எழுதிய பாட்டில். இன்றுவரை என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பி உட்காரவைப்பது இதுதான்.

மதியத்துக்கு மேல் டாக்டர் நல்லசிவம் வெளியே வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "மார்பு தெறக்குது. குழாய் வேண்டாம்னு நெனைக்கிறேன். மாஸ்க் மெஷின் ராத்திரி பூரா இருக்கட்டும்" என்றார். பிறகு, "பல்ஸ் எழுபது" என்றார். அவர் யாருக்கும் ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. அதுதான் அவர் சொன்ன ஆறுதல்.

டேவிட் அன்று திருவண்ணாமலைக்குச் சவாரி போயிருந்தார். இசக்கி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். வெயில் சாயும் நேரத்தில், வேன் சாவியைக் கையில் பிடித்தபடி, செருப்பில்லாமல் படியேறி வந்தார். நேராகக் கண்ணாடிக் கதவுக்குப் போனார். உள்ளே மாஸ்க்குக்கு அடியில் மார்பு ஏறி இறங்குவதை நெடுநேரம் பார்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து மருந்துக்கடைக் காகிதப் பை ஒன்றை எடுத்தார். புது பாட்டில். அதே மருந்து.

"அத என் கண்ணுல காட்டாதீங்க. தூக்கிப் போடுங்க. குருடாப் போனாலும் பரவால்ல" என்று அவர் கையைத் தள்ளினேன்.

அவர் எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினார். விரல்களைச் சட்டையில் துடைக்காமல் காற்றில் உதறிக்கொண்டே திரும்பி வந்தார். மூடியைத் திருகித் திறந்தார்.

"டாக்டராண்ட கேட்டுட்டேன். ஊத்துனா உனுக்கு ஒண்ணும் ஆவாதாம். நிறுத்துனாத்தான் ஆவுமாம். இன்னிக்கி வேள தப்பிடுச்சு, எஸ்தர்." என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "உள்ள அந்த மாஸ்க்கக் கழட்டுனதும் மொதல்ல உன்னத்தான் தேடுவான். நீ அவன முழுசா பாக்கணும், பாதியா பாக்கக்கூடாது. மேல பாரு."